மாப்பிள்ளைக்கு ஹெச்1பி... பொண்ணுக்கு?

கொட்டிவாக்கத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சாலைகள். மேற்கே ஓ.எம்.ஆர். (ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாற்றியாகிவிட்டது, ஆனால் ஷேர் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்!). கிழக்கே ஈ.சி.ஆர். 2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கட்டிடங்கள். காலையில் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று கம்பெனி பஸ்கள் போகின்றன. அதில் ஏறுகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். பி.இ. முடித்தவர்கள், எம்.சி.ஏ. முடித்தவர்கள், பி.காம். முடித்து பி.பி.ஓ.வில் சேர்ந்து டீம் லீட் வரை வந்தவர்கள். சாயங்காலம் கிழக்குப் பக்கம் கடற்கரையில் வாக்கிங் போகும் பெரியவர்களின் பேச்சைக் கேட்டால் அதே பெண்களைப் பற்றி வேறு மாதிரி காதில் விழும். "பொண்ணுக்கு நல்ல இடமா அமைஞ்சிடுச்சு. மாப்பிள்ளை ஸ்டேட்ஸ்ல. ஹெச்1பி."

சரி, பொண்ணுக்கு என்ன விசா?

அதை யாரும் கேட்பதில்லை. நட்சத்திரம் பார்ப்பார்கள், கோத்திரமோ குலதெய்வமோ பார்ப்பார்கள், பையன் சம்பளத்தை டாலரில் கேட்டு மனசுக்குள் ரூபாயில் பெருக்கிக் கொள்வார்கள். பையனுக்கு மூன்று வாரம்தான் லீவு. நிச்சயம், கல்யாணம், ரிசப்ஷன், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவு, அண்ணா மேம்பாலம் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இண்டர்வியூ. இதற்கு நடுவில் எங்கேயோ ஒரு நாள் அந்தப் பெண் ஆபீஸில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறாள். "அங்க போய் பாத்துக்கலாம்மா, உன் படிப்புக்கு அங்க வேலை கிடைக்காமயா போயிடும்?" என்று வீட்டில் சொல்வார்கள். வேலை கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. அந்த வேலையில் சேர அனுமதி கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அவளுக்குக் கிடைப்பது ஹெச்-4. ஹெச்1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கும் (அல்லது கணவருக்கும்) 21 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தரப்படும் விசா. அதில் அமெரிக்காவில் வாழலாம், கல்லூரியில் படிக்கலாம், கார் ஓட்டலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பக்கத்து வீட்டுக்கு விற்றால்கூட விதி மீறல்தான். இப்போது இருக்கும் ஹெச்1பி 1990ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தில் வந்தது. அதிலிருந்து 2015 வரை, இருபத்தைந்து வருடம், ஹெச்-4 மனைவி என்ற முறையில் வேலை செய்ய அநேகமாக எந்த வழியும் கிடையாது. யாராவது கம்பெனி அவள் பெயரிலேயே தனியாக ஹெச்1பி போட வேண்டும், அதற்கும் வருடத்துக்கு 65,000 + 20,000 என்று உச்சவரம்பு, குலுக்கல். இல்லையென்றால் மறுபடி காலேஜில் சேர்ந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவள் இன்னொரு டிகிரிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், டாலரில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதே வேலை பார்க்கும் இன்னொருவர் எல்-1 விசாவில் போயிருந்தால் கதையே வேறு. எல்-1 என்பது ஒரே கம்பெனியின் இந்தியக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கான விசா. அவருடைய மனைவிக்கு எல்-2. 2002 ஜனவரியில் வந்த சட்டத்தால் எல்-2 மனைவிகள் வேலை அனுமதி வாங்க முடிந்தது. 2021 நவம்பரிலிருந்து அதற்குத் தனியாக அட்டைகூட வாங்க வேண்டியதில்லை, மனைவி என்ற அந்தஸ்தே போதும் என்றாகிவிட்டது. ஒரே ப்ராஜெக்ட், ஒரே மேனேஜர், ஒரே அபார்ட்மெண்ட் காம்ப்ளக்ஸ். ஒருத்தி வந்த மாதமே வேலை தேடலாம், இன்னொருத்தி தேடக் கூடாது. வித்தியாசம் கணவனின் விசா ஃபாரத்தில் இருந்த ஒரு எழுத்துதான். அமெரிக்கர்களின் வேலையை மனைவிகள் பறிக்கிறார்கள் என்பதுதான் காரணமென்றால், எல்-2 மனைவி மட்டும் பறிக்க மாட்டாளா?

2015ல் ஒபாமா அரசு கொஞ்சம் கதவைத் திறந்தது. அந்த வருடம் மே 26 முதல் ஹெச்-4 மனைவிகளில் ஒரு பகுதியினர் வேலை அனுமதி அட்டைக்கு (ஈ.ஏ.டி. என்பார்கள்) விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. ஒரு பகுதியினர்தான். கணவனின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கிரீன் கார்டு வேலைகள் நடந்து கொண்டிருப்பதால் ஆறு வருட வரம்பைத் தாண்டி அவர் ஹெச்1பி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். இது கணவன் கையிலும் இல்லை, மனைவி கையிலும் இல்லை. கணவனின் முதலாளி மனசு வைக்க வேண்டும். "அடுத்த வருஷம் போடலாம்" என்று கம்பெனி தள்ளிப் போட்டால், கம்பெனிக்கு ஒன்றுமில்லை, கணவனுக்கும் சம்பளம் வந்து கொண்டிருக்கும். வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு வருடம் போகும்.

ஐ-140 ஏற்கப்பட்டாலும் உடனே கிரீன் கார்டு வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7! 2025ல் வந்த விசா புல்லட்டின்களில் இந்தியர்களின் வரிசை 2012, 2013 வாக்கில் மனுப் போட்டவர்களிடமே நகர்ந்து கொண்டிருந்தது. ஆகவே நம் ஊர்ப் பெண்களுக்கு ஈ.ஏ.டி. என்பது நடுவழியில் தங்கிப் போகும் சத்திரம் இல்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி அதில்தான் ஓடும். அமெரிக்கக் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு தந்த கணக்குப்படி, 2015லிருந்து 2017 டிசம்பர் வரை முதல் முறையாக இந்த அட்டை பெற்றவர்கள் சுமார் 91,000 பேர். அனுமதி பெற்றவர்களில் 93 சதவீதம் இந்தியாவில் பிறந்தவர்கள், 93 சதவீதம் பெண்கள். சட்டத்தில் 'துணைவர்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் யாரைப் பற்றிய சட்டம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

விதி வருவதற்கு முன்பே வழக்கும் வந்துவிட்டது. 2015 ஏப்ரலில் 'சேவ் ஜாப்ஸ் யூ.எஸ்.ஏ.' என்ற அமைப்பு வழக்குப் போட்டது. இவர்கள் யாரென்று தெரிந்து கொள்வது நல்லது, ஏனென்றால் நம் பக்கத்தில் இவர்களை வெறும் இனவெறியர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறோம். தெற்குக் கலிபோர்னியா எடிசன் என்ற மின்சாரக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, ஹெச்1பி ஆட்கள் வந்ததால் வேலை இழந்தவர்கள் அவர்கள். நாற்பது ஐம்பது வயதில் அப்படி வெளியே போகிறவனின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய இடம் செலவைக் குறைக்க ஆள் மாற்றிய நிர்வாகம். ஹூஸ்டனில் ஒரு பல் ஆஸ்பத்திரியிலோ நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்திலோ வேலை தேடும் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் அது போய் விழுந்தது. வழக்கு ஒன்பது பத்து வருடம் இழுத்தது. 2023 மார்ச்சில் மாவட்ட நீதிபதி தான்யா சட்கன் விதி செல்லும் என்றார். 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. இதற்கு நடுவே டிரம்ப்பின் முதல் ஆட்சி 2017லிருந்து 'இந்த விதியை எடுக்கப் போகிறோம்' என்று சொல்லிக் கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. 2021 ஜனவரியில் அந்த முன்மொழிவு வாபஸ் ஆனது. எடுக்காவிட்டால் என்ன? எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்ற அட்டையை வைத்திருப்பவளை நம்பி எந்த முதலாளி நீண்ட கால வேலை தருவான்?

வழக்கில் ஜெயித்தாயிற்றே, இனி நிம்மதிதான் என்றால் அதுவும் இல்லை. அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டுவிட்டால், முடிவு வரும் வரை 540 நாள் வரை பழைய அட்டையிலேயே வேலை பார்க்கலாம் என்ற சலுகை இருந்தது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ புதுப்பிக்க மனுப் போடுபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அட்டை காலாவதி ஆகிற தேதியில் புது அட்டை வரவில்லையென்றால் மறுநாள் ஆபீஸுக்குப் போக முடியாது. வேலையில் எந்தத் தப்பும் இல்லை, மேனேஜருக்கும் அவள் வேண்டும். தபால் வரவில்லை, அவ்வளவுதான்.

பி.காம். முதல் வருடத்துப் பொருளாதாரப் புத்தகத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப் போகும் இன்னொன்றின் மதிப்பு. பரீட்சைக்கு எழுதிவிட்டு எல்லோரும் மறந்துவிடும் பாடம் இது. இந்தக் கல்யாணக் கணக்கில் அதைப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு மாதம் 50,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண், ஆறு வருடம் வேலை இல்லாமல் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு ரூபாய்கூட சம்பள உயர்வு இல்லை என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 36 லட்சம். இன்க்ரிமெண்ட், ப்ரமோஷன் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. அது தவிர கண்ணுக்குத் தெரியாதவை உண்டு. பி.எஃப்.போடு வரும் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருடச் சர்வீஸ் வேண்டும். கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஒரே இடத்தில் ஐந்து வருடம். நாலு வருடத்தில் ராஜினாமா செய்துவிட்டு விமானம் ஏறுகிறவளுக்கு இரண்டும் இல்லை. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் சொந்தமாகக் கிடைக்கப் பொதுவாகப் பத்து வருட உழைப்புக் கணக்கு வேண்டும். இரு நாடுகளுக்கும் நடுவே இந்தச் சர்வீஸை ஒன்றாகக் கூட்டிக் கொள்ளும் ஒப்பந்தமும் இல்லை. இங்கே பாதி, அங்கே பாதி, இரண்டும் சேர்ந்தும் முழுசாகாது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் போடும் நகைக்கு பவுன் கணக்கு எழுதி வைப்பவர்கள் இந்த 36 லட்சத்தை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

பணம் மட்டும் என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். வேலை அனுமதி இல்லாத ஹெச்-4க்குப் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி நம்பரே கிடையாது. அமெரிக்காவில் அந்த நம்பர் இல்லாதவர் ஆதார், பான் இரண்டும் இல்லாதவர் மாதிரி. வரி தாக்கல் செய்ய வேறொரு நம்பர் வாங்கலாம், ஆனால் எதற்கெடுத்தாலும் கணவரின் பேப்பர்களைக் காட்ட வேண்டும். சென்னையில் சொந்தமாக சாலரி அக்கவுண்ட், கிரெடிட் கார்டு, அம்மாவுக்கு மாசாமாசம் பணம் என்று இருந்தவள், பஸ் வசதி இல்லாத ஊரில் ஷாம்பு வாங்கக்கூடக் கணவன் ஆபீஸிலிருந்து வரக் காத்திருப்பாள். கணவன் நல்லவனாகவே இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்கள்தான். நல்லவனிடமும் தினம் கேட்டு வாங்குவது கேட்டு வாங்குவதுதான். மேக்னா தமானி என்ற பெண் மும்பையிலிருந்து இப்படிப் போய், அந்த அனுபவத்தை வைத்து 2007ல் 'ஹார்ட்ஸ் சஸ்பெண்டட்' என்ற ஆவணப்படமே எடுத்தார்.

கணவன் நல்லவனாக இல்லாவிட்டால்? ஹெச்-4 கணவனின் வாலைப் பிடித்துக் கொண்டு நிற்கும் விசா. அவனுக்கு வேலை போனால் இருவருக்கும் பொதுவாக 60 நாள் கெடு, அவளுடைய ஈ.ஏ.டி.யும் அதோடு சேர்த்தி. விவாகரத்து ஆனால் அவளுடைய அந்தஸ்து போய்விடும். அடித்தாலும் வாயைத் திறக்காமல் இருக்க இதைவிட நல்ல காரணம் வேறு வேண்டுமா? இதற்காக, கொடுமைக்குள்ளான ஹெச்-4 மனைவிகளுக்கு வேலை அனுமதி தரலாம் என்று 2006 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்கு மனுப் போடும் படிவம் எப்போது வந்தது தெரியுமா? 2017ல். பதினோரு வருடம் சட்டம் இருந்தது, ஃபாரம் இல்லை. நம் ஊர் தாலுகா ஆபீஸை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம்.

ஆண்களும் இதில் மாட்டுவார்கள். சமூகவியலாளர் பல்லவி பானர்ஜி 2022ல் வெளியிட்ட 'தி ஆப்பர்சூனிட்டி ட்ராப்' என்ற புத்தகத்தில் ஐ.டி. எஞ்சினியர்களின் மனைவிகளையும், நர்ஸாகப் போன பெண்களின் கணவர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மனைவி சம்பாதிக்க, வீட்டில் இருக்கும் கணவன் படும் அவமானம் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். "ஐயோ பாவம், ஆம்பளை வீட்ல உக்காந்தா எப்படி இருக்கும்?" என்போம். பெண் உட்கார்ந்தால் மட்டும் அது 'செட்டில் ஆயிட்டா' ஆகிவிடுகிறது. இதே வார்த்தையைக் கொட்டிவாக்கம் ஃப்ளாட்டுகளில் மட்டுமல்ல, மயிலாப்பூர் மாடவீதியிலும் கேட்கலாம்.

"தெரிந்துதானே போகிறார்கள், யார் போகச் சொன்னது?" என்று ஒரு கேள்வி வரும். பாதி நியாயம் உண்டு. அமெரிக்கா தன் வேலைகளை யாருக்குத் தர வேண்டும் என்பது அமெரிக்காவின் விஷயம்தான். ஆனால் இதே உலகில் வேறு மாதிரியும் நடக்கிறது. ஜெர்மனியில் வேலை அனுமதியோடு இருப்பவரின் துணையாகப் போகிறவர் வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருப்பவருடன் துணையாக அனுமதிக்கப்பட்டவரும் வேலை பார்க்கலாம். கனடா தாராளமாக இருந்து, 2025 ஜனவரியில் கையை இறுக்கியது. இப்போது பெரும்பாலும் உயர்திறன் வேலையில் இருப்பவர்களின் துணைக்கு மட்டும்தான் திறந்த அனுமதி. நமக்கு மிகப் பழக்கமான சிங்கப்பூர் எதிர்த் திசையில் போனது. அங்கே டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் மனைவிக்கு வேலை கொடுக்க முன்பு கம்பெனி ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே 1 முதல் அவளுக்கென்று தனி வொர்க் பாஸ் வேண்டும். ஆக, எந்த நாட்டு விதியும் கல்லில் எழுதியதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு பெண்களைப் படிக்க வைப்பதற்காகக் கொட்டிக் கொடுக்கும் மாநிலம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு சீட்டிலும் வரிப்பணம் இருக்கிறது. அப்படிப் படித்தவள் வேறு நாட்டில் வேலை பார்த்தால் 'மூளை வெளியேற்றம்' என்று அலறுகிறோம். போய் வேலையே பார்க்காமல் இருந்தால் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அமெரிக்கா விசா கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து 2016ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பு வரை போனது. கட்டணத்துக்காகவும் விசா எண்ணிக்கைக்காகவும் போனது. கட்டணம் கம்பெனிகளின் பிரச்சினை, கம்பெனிகளுக்கு நாஸ்காம் இருக்கிறது. ஹெச்-4 மனைவிகளுக்கு டெல்லியில் யார் இருக்கிறார்கள்? எல்-2க்கு என்ன உண்டோ அதை முதல் நாளிலிருந்து ஹெச்-4க்கும் கொடு என்று கேட்பது ஒன்றும் பெரிய பேராசை இல்லை. வர்த்தகப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடக்கும்போதெல்லாம் பட்டியலில் அது இருக்க வேண்டும்.

அதுவரை? எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதைப் பெண்கள் பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன் 1958ல் பெர்க்லி போனார், 19 வயதில், மாணவியாக. இந்திரா நூயி 1978ல் யேல் போனார், அவரும் மாணவியாகத்தான். இருவரும் யாருடைய டிபெண்டன்ட்டாகவும் போகவில்லை. எல்லோருக்கும் அந்த வசதி இருக்காது, கடன் வாங்கிப் படிப்பதில் வேறு ஆபத்துகள் உண்டு. ஆனாலும் சில காரியங்களை இங்கேயே செய்துவிட்டுப் போகலாம். நம் காமர்ஸ் பெண்களுக்கு ஒன்று: அமெரிக்க சி.பி.ஏ. பரீட்சையை 2020லிருந்து இந்தியாவிலேயே எழுதலாம். ஈ.ஏ.டி. வருகிற அன்றைக்குக் கையில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. திரும்பி வருகிறவர்களுக்கும் முன்பு போல வாசல் முழுக்க மூடியில்லை. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000ல் தொடங்கிய அவதார், இடைவெளி விட்ட பெண்களை மறுபடி வேலைக்குக் கொண்டு வருவதையே முக்கியமான வேலையாகச் செய்கிறது. டாடா குழுமம் 2008ல் இதற்கென்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. இருந்தாலும் ரெஸ்யூமேயில் எட்டு வருடக் காலி இடத்தைப் பார்த்ததும் முகம் மாறும் எச்.ஆர்.கள் ஓ.எம்.ஆர். முழுக்க இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெண் பார்க்க வரும்போதே கேட்க வேண்டியதைக் கேட்கலாம். ஹெச்1பியா எல்-1ஆ? ஆறு வருடத்தில் இது எத்தனையாவது வருடம்? கம்பெனி கிரீன் கார்டு வேலையை ஆரம்பித்துவிட்டதா? ஐ-140 ஏற்கப்பட்டதா? பஜ்ஜி சொஜ்ஜி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். பையனின் அப்பாவுக்கு ஐ-140 என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம், அதனால் கேள்வியைப் பையனிடமே நேராகக் கேட்பது நல்லது. அவருக்குத் தன் மனுப் போட்ட தேதி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.